புதிர்ப் பக்கத்தில் தனியாட்டத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுக்கெழுத்து, சுடோகு, சதுரங்கப் புதிர், ஆறு வித்தியாசம். நாளிதழ்களின் புதிர்ப் பக்கம் காலங்காலமாக இந்த நாலு பேருக்குத்தான் குத்தகை. நான்குமே ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஆடுபவை, நான்குமே நல்லவை. ஆனால் நான்குக்கும் விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. பக்கத்தின் அடியில் தலைகீழாகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆடி முடிக்கும்வரை விடை எவருக்குமே தெரியாத ஒரு வகை ஆட்டமும் உண்டு. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பகடை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா போதும். சீட்டு கேள்வி கேட்கும், பகடை மறுக்கும், ஆடுபவர் ஒரு கற்பனை ஆளின் நாட்குறிப்பை எழுதிக்கொண்டே போவார். சோலோ ஜர்னலிங் கேம் என்று பெயர். நாட்குறிப்பு ஆட்டம் என்றே சொல்லலாம்.

இதற்கு அந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கத்தான் இந்தக் கடிதம். சும்மா கேட்டால் எடுபடாது என்பதால், ஆட்டம் எப்படி ஓடுகிறது, எங்கே சொதப்பும் என்பதையும், அப்படியே அச்சுக்கு அனுப்பத்தக்க ஒரு முழு ஆட்டத்தையும் இதிலேயே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

வகை புதிதல்ல. 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது, மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடினார்கள். இரண்டே ஆண்டில், 1976-ல், டனல்ஸ் அண்ட் ட்ரால்ஸ் என்ற இன்னோர் ஆட்டத்துக்கு, கூட்டாளி கிடைக்காதவர்கள் தனியாக ஆடிக்கொள்ள ஒரு சிறு புத்தகம் வந்துவிட்டது. 1982-ல் தொடங்கிய ஃபைட்டிங் ஃபேன்டஸி வரிசையின் முதல் புத்தகத்தில் எண்ணிட்ட 400 பத்திகள். இடது கதவா, ஓர் எண். வலது கதவா, வேறோர் எண். அங்கும் முடிவு அச்சில் இருந்தது. நாட்குறிப்பு ஆட்டங்கள் அந்தப் பத்திகளைத் தூக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டன.

பெட்டியில் வரும் போர்டு கேம்களைத் தனியாக ஆடுவது வேறு கதை. அவற்றில் சிலவற்றில் முந்தைய புள்ளியை முறியடிக்க வேண்டும். சிலவற்றில் எதிராளிக்குப் பதிலாக ஒரு சீட்டுக்கட்டு ஆடும். இரண்டாவது வகை நன்றாக இருக்கும், ஒரு தொல்லையைத் தவிர: எதிராளியின் முறையை மறந்துவிடுவோம். ஒரு நாணயத்தை எடுத்து, தன் முறை முடிந்ததும் பலகையின் மறுபக்கம் தள்ளுவதைப் பழக்கமாக்கினால் போதும். நாணயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அவர் முறை.

நாட்குறிப்பு ஆட்டத்தில் பலகையும் இல்லை, எதிராளியும் இல்லை. அப்படியானால் ஆடுபவரை யார் தடுப்பது? நினைத்தபடியெல்லாம் எழுதிக்கொண்டு போனால் அது கதை எழுதுவது. அதற்குப் பகடை எதற்கு? இந்த ஆட்டங்களின் விதி எல்லாமே ‘முடியாது’ என்று சொல்ல ஒருவரை உண்டாக்கும் ஏற்பாடுதான். அந்த ஒருவரை வாயடைத்துவிடுவதால்தான் பெரும்பாலான ஆட்டங்கள் மூன்றாம் நாளே படுத்துவிடுகின்றன.

முதல் ஏற்பாடு குறி கேட்பது. ஆரக்கிள் என்கிறார்கள், குறி என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய ஒரு கேள்வியை முதலில் எழுத வேண்டும். பிறகு ஆறுமுகப் பகடை ஒன்று. 1 விழுந்தால் இல்லை, போதாததற்கு இன்னொரு கேடும். 2, வெறும் இல்லை. 3, இல்லை, ஆனாலும் ஓர் ஆறுதல். 4, ஆம், ஆனால் ஒரு சிக்கலோடு. 5, ஆம். 6, ஆம், கேட்டதற்கு மேலேயும். இது சரிபாதிக் கணக்கு. நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆம் வரும் வாய்ப்பு 75 விழுக்காடு ஆகிறது. அரிது என்றால் சிறியதை எடுக்க வேண்டும், 25 விழுக்காடு.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம், பிடிக்காத பதில் வந்ததும் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி உருட்டுவது. ‘கதவு திறந்திருக்கிறதா?’ இல்லை. ‘சரி, சன்னல்?’ இல்லை. ‘பின்வாசல்?’ இப்படி ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்று திறக்கத்தான் செய்யும், ஆட்டம் செத்துவிடும். ஒரு காட்சிக்கு இரண்டு கேள்வி, மிஞ்சினால் மூன்று என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். உருட்டும் முன் இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு பதிலில் எது வந்தாலும் எழுத ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பதிலுக்குத்தான் மனசு ஆசைப்படுகிறது என்றால் பகடையைத் தொடவே வேண்டாம், அந்தப் பதிலை நேராக எழுதிவிடலாம். வேண்டாத குறியைக் கேட்டுவிட்டு அதோடு மல்லுக்கட்டுவதைவிட அது நேர்மை.

ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதில்தான் இந்த ஆட்டங்களின் சோறு. 2018-ல் வெளிவந்த, அடிப்படை நூல் இலவசமாகவே கிடைக்கும் அயர்ன்ஸ்வோர்ன் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆறுமுகப் பகடையோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் அரை வெற்றி, இரண்டையும் தாண்டாவிட்டால் தோல்வி. சமமாக வந்தால் தாண்டியதாகாது. திறன் எண் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் முழு வெற்றி சுமார் 23 விழுக்காடு, அரை வெற்றி 44, தோல்வி 33. மூன்றில் அதிகம் வருவது, கிடைத்தது ஆனால் ஒரு விலையோடு கிடைத்தது என்பதுதான். அடுத்த காட்சியைப் பெற்றுப்போடுவது அந்த விலை.

இரண்டாவது ஏற்பாடு இழப்பு. ஆயிரம் ஆண்டு வாழும் ஒரு ரத்தக் காட்டேரியின் நாட்குறிப்பை எழுதும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பாத்திரத்துக்கு 5 நினைவுகள்தான். ஒவ்வொன்றிலும் 3 அனுபவங்கள்தான் அடங்கும். இடம் நிரம்பியபின் புதிதாக ஒன்று நடந்தால் பழைய நினைவு ஒன்றை முழுதாக அடித்துவிட வேண்டும். தாயின் முகமா, முதல் கொலையா, எதை விடுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மொத்த ஆட்டமும். கேள்விகளின் வரிசையை நகர்த்துவதும் எளிய கணக்குதான்: பத்துமுகப் பகடையில் விழுந்ததிலிருந்து ஆறுமுகப் பகடையில் விழுந்ததைக் கழித்து, அத்தனை கேள்வி முன்னே போக வேண்டும், கழித்தல் குறி வந்தால் பின்னே. சராசரியாக 2 படி முன்னே. சில நேரம் பழைய கேள்விக்கே திரும்பி, அதன் இரண்டாம் பாகத்துக்குப் பதில் சொல்ல நேரும்.

இன்னும் சில ஆட்டங்கள் கட்டைக் கோபுரத்தை நடுவில் வைக்கின்றன. மூன்று மூன்றாக 18 அடுக்கு, 54 கட்டை. கெட்ட சீட்டு வந்தால் ஒரு கட்டையை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் பாத்திரம் முடிந்தது. கோபுரம் இல்லாதவர்கள் 50 புள்ளி வைத்துக்கொண்டு பகடையில் விழுந்ததைக் கழித்துக்கொண்டு வரலாம். அது சராசரியாக 15 உருட்டல் தாங்கும், ஆனால் பயம் வராது. 31 புள்ளி மிச்சமிருக்கும்போது எதுவும் நடக்காது என்று நன்றாகத் தெரியும். அதைவிட நல்ல மாற்று: கட்டை உருவ வேண்டிய ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போட்டு, மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை கோடுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கோபுரம் விழுந்தது. முதல் இரண்டு முறை விழவே விழாது. பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் 9-வது கோட்டுக்குள் முடிந்துவிடும். நடுவில் இருக்கும் ஆறேழு உருட்டலில் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

இனி எழுத்து. ஒரு சீட்டுக்கு மூன்று வரி, கூடினால் ஐந்து. முதல் நாள் உற்சாகத்தில் இரண்டு பக்கம் எழுதுகிறவர் நாலாம் நாள் நோட்டைத் திறக்க மாட்டார். இரண்டு பக்கம் எழுத வேண்டுமே என்ற மலைப்புதான் காரணம். அழகான தோல் அட்டை நோட்டு வாங்குவதும் அதே கண்ணிதான். அடித்தல் திருத்தல் செய்யக் கை வராது. கோடு போட்ட சாதாரணப் பள்ளி நோட்டே உத்தமம். முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு ஆட்களின் பெயர், இடங்களின் பெயர் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் நாளில் தபால்காரரின் பெயர் மாறிப்போயிருக்கும். வலப்பக்கம் நாட்குறிப்பு, இடப்பக்கம் சீட்டு, பகடை எண், கேட்ட குறி. இன்னும் முடியாத விவகாரங்களைப் பென்சிலில் எழுதி, நான்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது ஒன்று முளைத்தால் முதலில் பழையது ஒன்றை முடிக்க வேண்டும்.

என்ன எழுதுகிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘இன்று மனம் கனத்துக் கிடந்தது’ என்று எழுதினால் நாளை வரும் சீட்டுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ‘மூன்றாம் பெட்டியிலிருந்து இறங்கியவர் ஒரு செருப்பை மட்டும் போட்டிருந்தார்’ என்று எழுதினால், மற்ற செருப்பு எங்கே என்று அடுத்த சீட்டு கேட்கும். ஒரு பொருள், ஒரு செயல், பதில் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி. இந்த மூன்றும் இருந்தால் போதும். நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழில் ஆடும்போது கூடுதலாகச் சில சிக்கல்கள். இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கேள்விகளை அப்படியே பெயர்த்தால் ‘நீங்கள் யாரை இழந்தீர்கள்?’ என்று விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடும். முன்னிலையை எடுத்துவிட்டு ‘யாரை எழுப்பாமல் விட்டது?’ என்று கேட்டால் சீட்டே பேசுவது போல இருக்கும். அடுத்தது வினைமுற்று. ‘யாரோ ஒருவர் திரும்பி வருகிறார்’ என்பதை எழுதும்போதே வந்தான், வந்தாள், வந்தது என்று ஏதோ ஒன்றை நம் வினைமுற்று கக்கிவிடும். வந்தது யார் என்று பகடை இன்னும் சொல்லாதபோது ‘வந்தவர்’, ‘அவர்’ என்றே ஓட்டுங்கள். பிறகு ‘அவர்’ ‘அவள்’ ஆகும் இடமே ஒரு திருப்பமாக அமையும். நாட்குறிப்பு எழுதும் பாத்திரம் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று தோன்றும்.

சொந்தமாக அட்டவணை தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பகடையைக் கூட்டினால் 7 வருவது 36-ல் 6 முறை, 2 வருவது 36-ல் ஒரே முறை. ஆகவே சாதாரண சங்கதிகளை நடுவிலும் விபரீதங்களை ஓரத்திலும் வைக்க வேண்டும். எல்லாம் சமமாக வர வேண்டும் என்றால் ஒரு பகடையைப் பத்தாகவும் இன்னொன்றை ஒன்றாகவும் படித்தால் 11 முதல் 66 வரை சமமான 36 இடங்கள் கிடைக்கும். அந்த இடங்களில் விதி, நம்பிக்கை, துரோகம் என்று பெரிய சொற்களைப் போடாதீர்கள். கசிகிறது, ஒட்டவில்லை, கடன் வாங்கியது என்று சின்னதாகப் போடுங்கள்.

இப்போது அச்சுக்கான ஆட்டம். பெயர், ‘கடைசி ரயில் நிலையம்’. மூடப்படப் போகும் ஒரு சிறு நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் எழுதும் நாட்குறிப்பு.

கட்டிலிருந்து ஜோக்கர்களையும் நான்கு ராஜாக்களையும் எடுத்துவிட்டு, மீதி 48 சீட்டைக் கலைத்து, ஆறாறு சீட்டாக நான்கு குவியல் வைக்கவும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது குவியல்களில் ஆளுக்கொரு ராஜாவைச் செருகி, அந்தந்தக் குவியலைத் தனித்தனியே கலைக்கவும். முதல் குவியல் மேலே, நான்காவது அடியில் இருக்கும்படி அடுக்கினால் 27 சீட்டு. மற்றவை தேவையில்லை. நோட்டில் ஐந்து பொருளை எண்ணிட்டு எழுதவும்: 1 மணி, 2 பெஞ்சு, 3 மரம், 4 கைவிளக்கு, 5 சுவர்க் கடிகாரம்.

நாளுக்கு மூன்று சீட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. ஆர்ட்டின் என்றால் பிளாட்பாரத்தில் ஓர் ஆள். டைமன், தொலைந்த அல்லது கிடைத்த ஒரு பொருள். கிளாவர், கட்டடமோ தண்டவாளமோ வானிலையோ. இஸ்பேட், மேலிடத்திலிருந்து வந்த கடிதம் அல்லது உத்தரவு. ஒற்றைப்படை எண் இன்று நடப்பது. ஆஸுக்கு எண் 1. இரட்டைப்படை, அத்தனை ஆண்டுக்கு முன் நடந்தது. ஜாக்கி வந்தால் நிலையத்தை மூட நினைக்கும் ஒருவரும், ராணி வந்தால் மூட விடாத ஒருவரும் அதில் தலையிடுகிறார்கள். கடைசிவரை இருவரும் அதே ஆட்கள்தான். நாளுக்கு ஒரே ஒரு குறி கேட்கலாம்.

ராஜா வந்தால் பகடையை உருட்டவும். அந்த எண்ணுள்ள பொருள் நிலையத்தை விட்டுப் போகிறது. 6 விழுந்தால் ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே போன பொருளின் எண் விழுந்தால், பட்டியலில் அதற்கு அடுத்து மிச்சமிருப்பது, கீழே எதுவும் இல்லையென்றால் மேலிருந்து. போன பொருளின் பெயர் அதன்பின் நாட்குறிப்பில் வரவே கூடாது. மணி போய்விட்டால் மணி என்ற சொல்லே கிடையாது. எட்டு மணி ரயில் என்றுகூட எழுத முடியாது. ஆட்டத்தின் முதுகெலும்பு இந்த ஒரு விதிதான். இதைத் தளர்த்தினால் மற்றதெல்லாம் வெறும் சீட்டு.

மூன்றாவது ராஜா வந்ததும் பொருளை அடித்துவிட்டு, மீதிச் சீட்டைத் திறக்காமல் வைத்துவிட வேண்டும். போன மூன்று பொருள்களில் ஒன்று இப்போது எங்கே, யாரிடம் இருக்கிறது என்று மூன்று வரி. இங்கே மட்டும் பெயரைச் சொல்லலாம்.

டைமன் 8 வந்தால் எப்படி எழுதலாம்? ‘எட்டு வருடத்துக்கு முன் பெஞ்சடியில் ஒரு குடை. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மூன்று மாதம் பூட்டி வைத்திருந்து, பெருமழையன்று நானே பிடித்துக்கொண்டு போனேன்; எதிரே வந்தவர் நூலைத்தான் பார்த்தார்.’ அவ்வளவுதான். எதிரே வந்தவர் யார் என்று இப்போது எழுதக் கூடாது. அடுத்து இஸ்பேட் 5 வந்தால், இன்று வந்த கடிதத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்கலாம்.

குவியல் பிரித்து ராஜாவைச் செருகுவதற்குக் காரணம் உண்டு. முழுக் கட்டையும் கலைத்து, நாலு ராஜாவும் வந்தால் முடிவு என்று வைத்தால் கடைசி ராஜா சராசரியாக 42-வது சீட்டில்தான் வரும்; நாளுக்கு மூன்று வீதம் 14 நாள், துரதிர்ஷ்டம் இருந்தால் 18. அதற்குள் ஆர்வம் வற்றிவிடும். மேலே சொன்ன முறையில் மூன்றாவது ராஜா 21-க்கும் 27-க்கும் இடையில் வந்தே தீரும். ஏழு முதல் ஒன்பது நாள். கலைப்பதையும் அலட்சியம் செய்யக் கூடாது. கட்டை இரண்டாகப் பிரித்து விசிறிச் சேர்ப்பதானால் ஏழு முறை. அது கைவராதவர்கள் மேசையில் பரப்பி ஒரு நிமிடம் இரண்டு கையாலும் துழாவட்டும். உள்ளங்கையில் வைத்து நாலு முறை மேலும் கீழும் மாற்றினால் போன ஆட்டத்தின் வரிசை அப்படியே கொத்தாக வந்து நிற்கும்.

பொருந்தாத சீட்டு வந்தால் இரண்டு முறை யோசியுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அடுத்ததை எடுக்கலாம், நாளுக்கு ஒரு முறை மட்டும். இழப்பைச் சுற்றியே நடக்கும் ஆட்டம் என்பதால், எழுதுவது உண்மையிலேயே நெஞ்சை அடைத்தால் நோட்டை மூடிவிட வேண்டும். தோற்றதாக ஆகாது, சீட்டுகள் அதே வரிசையில் ரப்பர் பேண்டுக்குள் காத்திருக்கும்.

மேற்சொன்ன விதிகளைச் சுருக்கினால் ஒரு பத்திக்குள் அடங்கும். ஞாயிறு ஒரு முறை விதியைப் போட்டுவிட்டு, வாரத்துக்கொரு புதிய ஐந்து பொருள் பட்டியலையும் புதிய இடத்தையும் தந்தால் போதும்: மூடப்படும் அச்சகம், வற்றும் ஏரியின் படகுத்துறை, காலியாகும் நூலகம். தினமும் மூன்று சீட்டை நாளிதழே அச்சிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம், சீட்டு ஆடுபவரின் கையிலிருந்துதான் வர வேண்டும். சிறந்த நாட்குறிப்புக்குப் பரிசு என்றும் அறிவித்துவிடாதீர்கள். நடுவரை நினைத்து எழுத ஆரம்பித்தால் மூன்று வரி முப்பது வரியாகும், பிடிக்காத ராஜாவைக் கட்டின் அடியில் செருகத் தோன்றும்.

இப்படிக்கு,
புதிர்ப் பக்க வாசகர் ஒருவர்